ஆலய வாசலில் நின்றவர்கள் – 9: ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் சொன்ன விடை

மதத்தையும் தன்பாலீர்ப்பையும் சேர்த்துப் பேசிய மாத்திரத்தில் நம்மவர் நினைவுக்கு வருவது கண்டனம் ஒன்றுதான். சோதோம், கொமோரா பட்டணங்களின்மேல் அக்கினி பொழிந்த கதையைப் பாதிரியார் சொல்வார். லூத் நபியின் சமூகத்தார் அழிந்த வரலாற்றை ஆலிம் சொல்வார். நம் புராணப் பிரசங்கிகளோ, இது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த வியாதி என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால், இன்றைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், கெங்கவல்லியிலிருந்து தம்மம்பட்டி, துறையூர் மார்க்கமாகக் காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஸ்ரீரங்க க்ஷேத்திரத்தில், பெரிய கோயிலின் அர்ச்சகரும் சமஸ்கிருத விற்பன்னருமான ஒருவரிடம் இதே கேள்வி நேருக்கு நேராகக் கேட்கப்பட்டபோது, அவர் சாபமும் இடவில்லை, சாஸ்திரத்தைப் பிரம்பாக ஓங்கவும் இல்லை. தம் சித்தாந்தத்துக்குள்ளிருந்தே நிதானமாக ஒரு விடை சொன்னார். அந்த விடையும், அதற்குப் பின் வேறு மதங்களில் வேறு மனிதர் சொன்ன விடைகளுமே இந்தப் பகுதியின் பொருள்.

கேட்டவர் சகுந்தலா தேவி. 1929-இல் பெங்களூரில் பிறந்து, கணிதத்தில் மனித புத்தி எட்டக்கூடிய எல்லையை உலக மேடைகளில் காட்டி வந்த அந்த அம்மையார், 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 201 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் 23-ஆம் மூலத்தை 50 விநாடிகளில் மனத்தாலேயே கண்டு சொன்னார் என்பதைப் பலரும் அறிவார்கள். அதே 1977-இல் அவர் ‘தி வேர்ல்டு ஆஃப் ஹோமோசெக்ஷுவல்ஸ்’ என்றொரு நூலையும் வெளியிட்டார் என்பதை அறிந்தவர் வெகு சிலரே. நெருக்கடி நிலையிலிருந்து தேசம் அப்போதுதான் விடுபட்டிருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இயற்கை நியதிக்கு விரோதம் என்று தான் கருதிய சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரையில் விதிக்கும் அதிகாரத்தோடு அமலில் இருந்தது. பத்திரிகைகள் இந்த விஷயத்தை எழுதினால் குற்றச் செய்தியாக எழுதும், இல்லாவிட்டால் எழுதவே எழுதாது. அந்தச் சூழ்நிலையில், தன்பாலீர்ப்பாளர்களை நேரில் கண்டு பேசி, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் சொன்னபடியே பதிவு செய்து, இவர்களுக்கு வேண்டுவது இரக்கமோ சகிப்போ அல்ல, முழுமையான ஏற்பு என்று பட்டவர்த்தனமாக எழுதிய தைரியம் சாமானியமானதன்று. அந்நூலுக்காக அவர் சந்தித்தவர்களில் ஒருவரே ஸ்ரீரங்கத்து ஸ்ரீநிவாச ராகவாச்சாரியார்.

ஆச்சாரியார் சொன்னதன் சாரம் இதுதான்: இப்பிறவியில் ஒரே பாலினராக இருந்து ஒருவரையொருவர் நேசிப்பவர்கள், முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாக நேசித்திருக்க வேண்டும், பிறவிதோறும் உடலின் பால் மாறலாம், ஆன்மா மாறுவதில்லை, ஆகையால் பழைய அன்பின் வலிமையே அந்த ஆன்மாக்களை மறுபடியும் ஒன்றையொன்று நாடச் செய்கிறது. அவ்வளவே. பாவம் என்றோ, பரிகாரம் செய் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை.

இந்த விடையை ஒரு நல்ல மனிதரின் தாராள மனப்பான்மை என்று மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட எனக்கு மனம் வரவில்லை. அவர் நின்று பேசிய இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விசிஷ்டாத்வைதத்தில் உடல் என்பது ஆன்மாவுக்கு வாய்த்த பிரகாரம்; கர்மத்தினால் வருவது, கர்மம் தீர்ந்தால் போவது. ஆன்மாவின் ஸ்வரூபத்தில் ஆண் என்றும் பெண் என்றும் பேதம் இல்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பெருமாளை எண்ணி உருகுவதையும், வாளேந்திய மறவராகிய திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகித் தூது விடுவதையும், அவர்களைப் பெற்ற தாய் புலம்புவதாகப் பாசுரம் அமைவதையும், நாள்தோறும் சந்நிதியில் சேவித்து வளர்ந்த ஒருவருக்கு, ஆணுடலில் இருக்கும் ஆன்மா நாயகி பாவத்தில் நிற்பது அதிசயமாகவா தோன்றும்? வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், பகல் பத்தின் கடைசித் திருநாளில், நம்பெருமாளே மோகினி அலங்காரத்தில், அதாவது நாச்சியார் திருக்கோலத்தில், அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பட்டுப்புடவையும் பெண்களுக்குரிய திருவாபரணங்களும் பூண்டு, ஒய்யாரமாகச் சாய்ந்த அந்தத் திருமேனியைக் காண எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் முதல்நாள் இரவே மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். கூட்டத்தில் நசுங்கி, விழியில் நீர் மல்கி, ‘ரங்கா, ரங்கா’ என்று கைகூப்புகிறார்கள். அந்தக் கோலத்தை வருஷாவருஷம் சாத்துகின்ற கைங்கரியபரர்களின் மரபிலிருந்து வெறுப்புக்கு மாறான ஒரு விடை வந்தது என்றால், அது தற்செயலன்று என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், வரலாற்றை எழுதுகிறவன் அந்த விடையின் எல்லையையும் காட்டியாக வேண்டும். இருவர் ஒரே பாலினராக இருந்து நேசிக்கிறார்கள் என்றால் அதற்கு அடியில் எங்கோ ஓர் ஆண்-பெண் காதல் இருந்தே தீர வேண்டும் என்று ஆச்சாரியார் கொண்டதனால், தன்பாலீர்ப்பு தன்னளவில் நிற்பதற்கு அவர் இடம் தரவில்லை. பழைய கணக்கின் பாக்கியாகவே அதைக் கண்டார். இன்றைய தன்பாலீர்ப்பாளர் ஒருவர், என் அன்புக்கு முற்பிறவிச் சான்று எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. என்றாலும், மதத்தின் பெயரால் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தாமல், உள்ளே அழைத்து, அவர் அன்பை ஆன்மாவின் அன்பு என்று ஒரு குரு தம் வாயால் சொன்னது, இந்தியாவில் எந்த நீதிமன்றமும் இவர்கள் பக்கம் வாய் திறப்பதற்கு மூன்று பத்தாண்டுகள் முந்தியது.

இங்கே எங்கள் வட்டாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவேத நதிக் கரையில் மரவள்ளியும் மஞ்சளும் விளைகின்ற கெங்கவல்லியிலிருந்து கிழக்கே, தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று நெடுஞ்சாலை வழியே போனால், உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் கூவாகம். பழைய தென்னார்க்காடு, சேலம் ஜில்லாக்களின் கிராமங்கள் பலவற்றில் கூத்தாண்டவருக்குக் கோயில் உண்டு என்றாலும், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில் கூடுகின்ற திருநங்கையர் கூட்டம் வேறெங்கும் இல்லை. பாரதப் போருக்காகப் பலியாகச் சம்மதித்த அரவானுக்கு, ஓரிரவு மனைவியாகக் கண்ணனே மோகினியாக வந்தான் என்பது கதை. அந்த மோகினியின் இடத்தில் நின்று திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் களப்பலி முடிந்ததும் அதே தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை ஏறுகிறது. அங்கே திருநங்கையர் மாத்திரமல்ல, வேண்டுதல் வைத்துக்கொண்ட குடியானவர்களான மீசை முறுக்கிய ஆண்பிள்ளைகளும் அதே பூசாரியிடம் கழுத்தை நீட்டித் தாலி வாங்கிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. பக்தி அவ்வளவு இடம் கொடுக்கிறது.

ஆனால், திருநங்கையர் வேறு, தன்பாலீர்ப்பாளர் வேறு; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இருவருக்குமே அநீதி. வருஷத்துக்கு ஒருமுறை திருநங்கைக்குக் கற்பூரம் காட்டுகின்ற அதே ஊரில், எவ்வித அடையாளமும் தாங்காமல், வேட்டி சட்டையோடு உழவுக்கோ கடைக்கோ போய்வருகின்ற ஓர் இளைஞன், தனக்குப் பெண்ணிடம் மனம் செல்லவில்லை என்று வீட்டில் சொன்னால், அவனுக்குக் கற்பூரமும் இல்லை, கதையும் இல்லை. இருபத்தைந்து வயதானால் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால் அந்தக் காலக்கெடு இன்னும் குறைவு. திருவிழாவில் கிடைக்கின்ற இடம் தெருவில் கிடைப்பதில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

சரி, வெறுப்புக்குச் சட்டத்தின் பல் முளைத்தது எங்கே? பழைய தர்ம சாஸ்திரங்கள் இதை மெச்சவில்லை. மனு ஸ்மிருதி ஆணோடு ஆண் சேர்ந்ததற்கு உடுத்த துணியோடு நீராடுவதைப் பிராயச்சித்தமாக விதித்தது; கன்னியர் விஷயத்திலோ அதுவே கொடுமையான தண்டனை சொன்னது. ஆயினும் 377-ஆம் பிரிவின் வம்சம் மனுவிடம் தொடங்கவில்லை. அது இங்கிலாந்தில், எட்டாம் ஹென்றி ராஜாவின் 1533-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. அதுவரை திருச்சபை நீதிமன்றங்களின் விசாரணையில் இருந்த குற்றத்தை அரச நீதிமன்றத்துக்கு மாற்றித் தூக்குத் தண்டனை விதித்த அந்தச் சட்டம், மற்றக் குற்றங்கள் பலவற்றில் குருமாருக்குக் கிடைத்துவந்த விலக்கையும் இதற்குக் கிடையாது என்று எடுத்துவிட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ராஜாவின் அதிகாரிகள் மடம் மடமாகச் சென்று துறவிகளின்மேல் இதே குற்றத்தைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மடங்கள் கலைக்கப்பட்டன, சொத்துகள் அரசு வசமாயின. ஆகவே, பிற்காலத்தில் நம் நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த அந்தச் சட்டத்தின் மூதாதை, முதன்முதலில் குருமாரின் கழுத்தைக் குறிவைத்துப் பிறந்தது என்றால் மிகையாகாது. 1640-இல் அயர்லாந்தில் வாட்டர்போர்டு ஆயர் ஜான் ஆதர்ட்டன் டப்ளினில் தூக்கிலிடப்பட்டதும் இவ்வகைச் சட்டத்தின் கீழேதான்.

மதப் பிரசாரமும் பின்தங்கவில்லை. நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஞானத் தந்தையாக விளங்கிய பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவிலிருந்து எழுதிய கடிதத்தில், அந்நாட்டுப் பௌத்த குருமாரிடையே இவ்வழக்கம் வெளிப்படையாக இருந்ததைக் கண்டு அருவருப்போடு குறிப்பிட்டிருக்கிறார். ஒரு மதத்தின் குருவை மற்றொரு மதத்தின் குரு இழித்துரைப்பதற்கு இதைவிட வசதியான குற்றச்சாட்டு அக்காலத்தில் வேறில்லை. பின்னர் மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவாகி, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தோடு இந்த வெறுப்பு நம் மண்ணில் அரசு முத்திரை பெற்றது.

2001-இல் நாஸ் அறக்கட்டளை 377-ஆம் பிரிவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷாவும், சென்னையில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கியவரான எஸ். முரளிதரும், வயது வந்தோர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தார்கள். அப்போது நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கொண்டு சென்றவர்களின் வரிசையில், சோதிடர் சுரேஷ் குமார் கௌசலுக்குப் பின்னால், அகில இந்திய முஸ்லிம் தனிச் சட்ட வாரியம், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, உத்கல் கிறிஸ்தவ சங்கம், சனாதன தர்மத்தின் பெயரால் ஒரு சபை, நம் தமிழ்நாட்டு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் ஆகியவையும் நின்றன. வேறு எந்த விஷயத்திலும் ஒரே பாயில் உட்கார இசையாதவர்கள் இந்த ஒன்றில் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 2013 டிசம்பர் 11-இல் அவர்கள் பக்கம் வென்றது.

அந்த வெற்றிக் களிப்பின் நடுவே, பம்பாய்ப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், தன்பாலினர் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காது என்பதைச் சொல்லிவிட்டு, ஆனால் அவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை என்றும் கருதியதில்லை என்றும் சொன்னார். அது பாதி விடைதான். இருந்தாலும், வெறுப்பு பெருக்கெடுத்து ஓடும் நாளில் குருபீடத்திலிருந்து அந்தப் பாதியைச் சொல்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும். 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தளையை அறுத்தபோது, எதிர்த்து வாதாட மீண்டும் வந்தவர்களில் அதே அப்போஸ்தலக் கூட்டமைப்பும் உத்கல் சங்கமும் இருந்தன.

கிறிஸ்தவத்துக்குள் முழு விடையைத் தேடியவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள் என்பது என் போன்றோர்க்குப் பெருமை தரும் செய்தி. கீழ்ப்பாக்கத்துக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் போதித்த ஜார்ஜ் சகரியா, வின்சென்ட் ராஜ்குமாரோடு சேர்ந்து, தன்பாலீர்ப்பு வெறுப்பைத் திருச்சபை தன் பாவமாக எதிர்கொள்ள வேண்டும் என்ற நோக்கில் 2015-இல் ஒரு கட்டுரைத் தொகுதியைக் கொண்டுவந்தார். 2017-இல் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமே, மனிதப் பாலியலையும் பாலினப் பன்மையையும் பற்றித் திருச்சபைகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இந்தக் குரல் அக்கல்லூரியிலிருந்து எழுந்ததற்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ஏ.பி. நிர்மல் என்ற இறையியலாளர் தலித் இறையியலைப் பாடமாக்கி வளர்த்தது அதே குருகுலத்தில்தான். தமிழகத்துச் சபைகளில் ஒரு காலத்தில் சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு கல்லறை. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் விசுவாசிகள் பலர், எங்கள் வழக்கத்தை மாற்ற நீர் யார் என்று சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களும் பக்தர்கள்தாம், அவர்கள் கையிலும் வேதபுத்தகம் இருந்தது. வேதத்தைக் காட்டி ஒருவரை விலக்குவதும், அதே வேதத்தைக் காட்டி அந்த விலக்கை உடைப்பதும் தமிழ்க் கிறிஸ்தவம் ஏற்கெனவே கண்டு பழகிய போராட்டம். தனித்தொகுதியாகிய எங்கள் கெங்கவல்லியில் வாழ்கிறவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய சங்கதியன்று.

அந்த இறையியலாளர்கள் எடுத்துக்காட்டுகின்ற வேதப்பகுதிகள் மூன்றைச் சொல்கிறேன். சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி பதினாறாம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே பட்டியலிடுகிறார்: கர்வம், தெவிட்டுமளவு ஆகாரம், சுகவாழ்வு, ஏழை எளியவனுக்குக் கைகொடாமை. அடுத்தது ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரம்; தாங்கள் பட்ட மரம் என்று சொல்லிக்கொள்ளும் அண்ணகர்களுக்கு, குமாரர் குமாரத்திகளுக்குரியதைவிட மேலான நாமத்தைத் தம் ஆலயத்துக்குள்ளேயே தருவதாகக் கர்த்தர் வாக்களிக்கிறார். மூன்றாவது அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். எத்தியோப்பிய அரண்மனையின் அண்ணகன் தேரில் அமர்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு அருகில் ஓடிச்சென்று ஏறி அமர்ந்து விளக்கம் சொல்கிறான். வழியில் தண்ணீரைக் கண்டதும், நான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவன் கேட்கிறான். தேர் நிற்கிறது, இருவரும் இறங்குகிறார்கள். நியாயப்பிரமாணத்தின் ஓரிடத்தில் அண்ணகனுக்குச் சபைப் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்தும், பிலிப்பு அதை எடுத்து ஓதிக்கொண்டு நிற்கவில்லை. லேவியராகமத்தையும் ரோமர் நிருபத்தையும் மேற்கோள் காட்டி மிரட்டுகிற பிரசங்கிகள் இந்த மூன்றையும் ஒரு ஞாயிறாவது பிரசங்கப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். செங்கல்பட்டை அடுத்த நடராஜபுரத்தில், இந்திய சுவிசேஷத் திருச்சபையின் போதகராகத் திருநங்கை பாரதி ஊழியம் ஏற்றபோது, அந்தத் தேர் தமிழ்நாட்டிலும் ஒருமுறை நின்றது.

விசுவாசியின் துயரம் ஒரு மாதிரி. தன்பாலீர்ப்பாளராகிய குருவின் துயரம் வேறு மாதிரி. விசுவாசி மனம் நொந்தால் அந்த ஆலயத்தை விட்டு மற்றோர் ஆலயத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். போதகருக்கோ அந்த ஆலயமே சோறு, அதை ஒட்டிய போதகர் மனையே வீடு, பிள்ளைப்பருவம் முதல் கேட்ட அழைப்பே வாழ்க்கை. சீர்திருத்தச் சபைகளில் போதகர் வந்தால் பாஸ்டரம்மா எப்போது வருவார் என்று முதல் ஞாயிறே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்; பெண்கள் ஐக்கிய சங்கம் அவருக்காகக் காத்திருக்கும். கத்தோலிக்கத்தில் துறவு ஒரு திரையாவது தருகிறது என்று எண்ணலாம். ஆனால் 2005 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், ஆழ வேரூன்றிய தன்பாலீர்ப்பு உடையவர்களைக் குருமடத்தில் சேர்க்கலாகாது என்றே விதித்தது. பிரமசரியத்தை எல்லாருக்கும் ஒன்றுபோல் விதித்துவிட்டு, அதைக் காக்க உறுதி பூண்டு வருகிற ஒருவனை வாசலிலேயே தடுப்பது எவ்வகை நீதி என்பது எனக்கு விளங்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையும் அங்கம் வகிக்கின்ற ஆங்கிலிக்க ஐக்கியத்தின் ஆயர்கள் 1998 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கூடிய லாம்பெத் மாநாட்டில், தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் 70 வாக்குகளுக்கு எதிராக 526 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்று மண்டபத்துக்கு வெளியே நைஜீரியாவின் எனுகு ஆயர் இம்மானுவேல் சுக்வுமா, தன்பாலீர்ப்பாளர் கிறிஸ்தவ இயக்கத்தின் செயலாளரும் டீக்கனுமாகிய ரிச்சர்டு கெர்க்கரின் தலைமேல் கைவைத்து, உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் சூழ நிற்க, அவரைப் பிடித்த பிசாசை ஓட்ட முற்பட்டார். கெர்க்கர் தலையை நகர்த்திக்கொண்டார். கோபிக்கவில்லை, ஆயரைக் கடவுள் ஆசீர்வதித்து, அவர் மனத்திலுள்ள துவேஷத்திலிருந்து அவரை விடுவிக்கட்டும் என்று அங்கேயே பதிலுக்கு வேண்டிக்கொண்டார். தன்பாலீர்ப்பாளர் என்பதாலேயே குருப்பட்டம் கிடைக்காமல் டீக்கனாகவே நின்றுவிட்ட ஒரு மனிதர், தம்மைத் தீயவன் என்று சொல்லும் ஆயருக்கு ஆசி கூறிய அந்தக் கணத்தில் இருவரில் யார் குருவாக நடந்துகொண்டார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2003 நவம்பர் 2-இல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜீன் ராபின்சன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, கொலை மிரட்டல் காரணமாக அவர் தம் திருவுடைக்குள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிய வேண்டியிருந்தது.

கவசம் இல்லாதவரும் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்து, கராச்சியில் மார்க்கக் கல்வி பயின்று, 1996-இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படுத்திய இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ், பள்ளிவாசல்களில் இடமற்றுப்போனவர்களுக்காகத் தாமே ஒரு தொழுகையிடம் அமைத்து, லூத் நபியின் வரலாறு கண்டிப்பது பலாத்காரத்தையும் விருந்தினரை இழிவு செய்வதையுமே என்று குர்ஆனைக் கொண்டே விளக்கி வந்தார். மிரட்டல் வந்தது, மெய்க்காவலர் வேண்டாம் என்றார். 2025 பிப்ரவரி 15 அன்று கெபேகா நகரருகே வாகனத்தை மறித்து அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஸ்ரீரங்கத்து ஆச்சாரியார் எந்தக் காரியத்தைச் செய்தாரோ, அதையேதான் இவரும் செய்தார்: தம் மதத்தின் நூலைத் திறந்து, அதன் சொற்களாலேயே வெறுப்புக்கு விடை கூறினார். அதற்கு உயிரை விலையாகக் கேட்டது இந்த நூற்றாண்டு.

நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இந்த விஷயத்தில் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு, 2021 ஜூன் 7-இல் தந்த ஆணை, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் மறு ஆண்டு அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மருத்துவரை இவை கட்டுப்படுத்தும். ஆனால் எங்கள் பக்கத்தில், மகன் கல்யாணம் வேண்டாம் என்கிறான், மகள் தோழியை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறாள் என்றால், பெற்றோர் முதலில் போவது மருத்துவரிடமா? உடுக்கை அடித்துக் குறி சொல்கிற பூசாரியிடம் போகிறார்கள். வேப்பிலையால் அடிக்கிறார்கள், எலுமிச்சம்பழம் அறுக்கிறார்கள். கிறிஸ்தவர்களாக இருந்தால் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப்போய் முழங்காலில் நிறுத்துகிறார்கள். தர்காவிலோ தாயத்து. பிள்ளை அழுதால், பிசாசு அழுகிறது என்கிறார்கள்.

ஆகவே இந்த விஷயத்தில் நீதிபதியைவிட நெருக்கமான அதிகாரம் அந்தப் பூசாரிக்கும் அந்தப் போதகருக்கும் இருக்கிறது. இவன் உடம்பில் எதுவும் இறங்கவில்லை, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடு என்று பூசாரி ஒரு வார்த்தை சொன்னால், நூறு பக்கத் தீர்ப்பு செய்யாததை அந்த வார்த்தை செய்யும்; பெற்றோர் அவரை நம்பித்தானே வந்திருக்கிறார்கள்? ராகவாச்சாரியார் சொன்னதைப் போன்ற ஒரு சொல்லை, ஆத்தூரிலும் வீரகனூரிலும் தம்மம்பட்டியிலும் பீடத்தில் நிற்பவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்தத் தொடரை எழுதத் துணிந்தேன்.

அடுத்த பகுதியில், 1640-இல் டப்ளினில் தூக்கிலிடப்பட்ட ஆயர் ஆதர்ட்டனின் வழக்கையும், 1822-இல் இலண்டனில் பிடிபட்டு நாட்டைவிட்டே ஓடிய குளோகர் ஆயர் பெர்சி ஜோசலினைப் பற்றி, அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே உண்மை சொல்லிக் கசையடி பட்ட வண்டிக்காரன் ஜேம்ஸ் பர்னின் கதையையும் காண்போம்.